கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு ஆடிக்காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க அம்மா ஒரு கல் வைத்திருந்தாள். ஜாங்கிரி போலச் சுருண்ட கல். பழைய செங்கல் நிறம். சுருளின் மேல் சீப்பால் இழுத்த மாதிரி வரிவரியாக மேடுகள். தாத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். புள்ளம்பாடியில் எங்கள் தெருவில் பாதிச் சுவர்களில் அவர் சுட்ட சுண்ணாம்புதான் இருந்தது. வடக்கே ஓடைகளிலிருந்து வண்டியில் வந்த சுக்கான்கல்லோடு இதுவும் வந்திருக்கிறது. இது வேகாது என்று அவர் ஒதுக்கிப் போட்டதை அம்மா எடுத்துக் கதவுக்கு வைத்துக்கொண்டாள்.

மூன்று தலைமுறை அதைக் காலால் தள்ளியிருக்கிறோம். அதில் ஒருவன் நான். இருபத்தெட்டு வருஷம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவன். டெத்திஸ் என்று ஒரு கடல் இருந்தது, அதன் அடிவண்டல் மடிந்து எழுந்ததுதான் இமயமலை, அங்கே மலை உச்சியில் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தக் கல்லைக் காலால் நகர்த்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

புத்தி வந்தது 2003இல், ஒரு பஸ்ஸில். அரியலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வடநாட்டுப் பையன், மடியில் சுத்தியல். ஆசாரி சுத்தியல் இல்லை. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் அலகு. கையிலிருந்த நோட்டைப் பிரித்து, “இந்த ஊருக்கு எங்கே இறங்க வேண்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். நோட்டில் ஏணி மாதிரி ஒரு படம். படிக்குப் படி ஒரு பெயர். அடியில் தெரணி. அதற்கு மேல் டால்மியாபுரம், காரை. மேலே குளக்காநத்தம், ஆனைப்பாடி. அதற்கும் மேலே சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு. உச்சியில் நின்னியூர். பையனின் உச்சரிப்பில் எல்லாம் ஏதோ ரஷ்ய ஊர்களைப் போல இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழேயிருந்து மூன்றாவது படியில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஆறாவது படியில் சித்திக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது.

“இதெல்லாம் ஊர் இல்லை சார், காலம்” என்றான் அவன். அடியிலிருந்து உச்சிக்குப் போனால் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டு. ஏணியின் பெரும்பாலான படிகள் கடலடி. சில படிகளில் கடல் உள்ளே வந்திருக்கிறது, சிலவற்றில் வெளியே போயிருக்கிறது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தக் காலத்துப் பாறையைப் படித்தாலும் இந்தப் பெயர்களைத் தொடாமல் போக முடியாது என்றான். டவுன் பஸ் முகப்புப் பலகையில் சாக்கட்டியால் எழுதித் துடைக்கிற பெயர்களை அவன் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தான்.

அன்றிலிருந்து சைக்கிளை எடுத்தேன். லாரி ஓடும் சாலையில் சைக்கிள் ஆபத்துதான், வீட்டில் திட்டுதான். ஆனால் பாறையைப் பார்க்க அதைவிட நல்ல வண்டி கிடையாது. மோட்டார் சைக்கிளில் போனால் மண் நிறம் மாறுவது கண்ணில் படாது. நடந்தால் வெயில் தாங்காது.

இந்தப் பெயர்கள் ஏணியில் ஏறிய கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1840களில் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கிளிஞ்சல் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். பாறை அவர்கள் வேலை இல்லை, ஆர்வம், அவ்வளவுதான். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றை வகைப்படுத்தி 1846இல் அறிக்கை வெளியிட்டார். ஐரோப்பாவில் கிரெட்டேசியஸ் என்று அழைக்கப்பட்ட காலத்துக் கடல் இங்கேயும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1855இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தோரு வயது. இந்தப் பக்கம் ரயில் வருவதற்கு இன்னும் எழுபது வருஷம் இருந்தது. ஓடை ஓடையாக அளந்து, எந்தப் படுகையின் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடம் போட்டு, 1862இல் வெளியிட்டார். மொத்தத்தையும் மூன்று அடுக்காகப் பிரித்தார். நடு அடுக்குக்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேல் அடுக்குக்கு அரியலூர் என்றும் பெயர் வைத்தார். இரண்டும் பேர்போன ஊர்கள், சரி. கீழ் அடுக்குக்கு அவருக்குக் கிடைத்த பெயர் ஊட்டத்தூர்.

நாலு தெருவும் ஒரு சோழர் கோயிலும் உள்ள ஊர் அது. பாடாலூரில் சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கொஞ்ச தூரம். பிளான்ஃபோர்டின் எழுத்துக்கூட்டலில் அது ஊட்டாட்டூர் ஆனது. அவர் பிற்பாடு பாறையை விட்டு வானத்துக்குப் போய்விட்டார். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்று முதலில் சொன்னவரும் அவரே. கீழே பார்த்து நடந்த ஆள் மேலே பார்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த ஊர்களில் ஓடை ஓடையாக அலைந்தவனுக்கு மழையைப் பற்றிக் கவலை வராமல் இருக்குமா?

அவர் பெட்டி பெட்டியாக விட்டுப்போன கிளிஞ்சல்களுக்குப் பெயர் வைத்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா, மொராவியாக்காரர். கல்கத்தாவில் ஏறத்தாழ பத்து வருஷம் இந்த வேலை: நத்தை, சிப்பி, பவளம், சுருள்கல் ஒவ்வொன்றையும் வரைந்து, விவரித்து, பெயரிட்டு, புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். கடைசிப் பகுதி 1873இல் வந்தது. மறு வருஷம் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக்கில் இறந்துபோனார். முப்பத்தாறு வயது. லேயில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் ஏதோ மருந்துக் கம்பெனியா என்று கேட்பார்கள்.

சரி, ஊட்டத்தூர். பாடாலூர்ப் பக்கம் மேற்கே முழுக்கக் கருங்கல். ஜல்லி உடைக்கும் கிரஷர் புழுதி, மொட்டைக் குன்றுகள். சைக்கிளைக் கிழக்கே திருப்பியதும் குன்று நின்றுவிடுகிறது. தரை தணிந்து, மண் கறுத்து, பருத்தியும் மக்காச்சோளமும் ஆரம்பிக்கின்றன. கரை அது. மிகையாகச் சொல்லவில்லை, ஏறத்தாழ பதினோரு கோடி ஆண்டுக்கு முன் கடல் வந்து நின்ற எல்லை ஊட்டத்தூரை ஒட்டித்தான் போகிறது. இந்தியாவோடு ஒட்டியிருந்த அண்டார்ட்டிகா பிய்த்துக்கொண்டு போன பிறகு, நமக்குக் கிழக்கே உண்டான பள்ளத்தில் தண்ணீர் ஏறி இதுவரை வந்தது. கருங்கல் நிலம் கரையாக நின்றது. அதற்கும் முந்திய காலத்து நன்னீர்க் களிமண்தான் பக்கத்து ஊரான தெரணியில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று தோண்டியெடுத்துப் பீங்கான் செய்யக் கொண்டுபோகிறார்கள். அந்தக் களிமண்ணை ஏடு ஏடாகப் பிரித்தால் சீப்புப் போன்ற இலைகளின் அச்சு கிடைக்கும். பூக்கிற செடிகள் உலகத்தை நிறைப்பதற்கு முந்திய இலைகள்.

ஊட்டத்தூர்க் கோயில் சுவாமிக்குச் சுத்தரத்தினேசுவரர் என்று பெயர். அங்குள்ள நடராசர் சிலை பஞ்சநதனக் கல் என்ற அபூர்வக் கல்லில் ஆனது என்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவருக்கு வெட்டிவேர் மாலை சாத்தி, அந்த வேரைப் பிரம்மதீர்த்தத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று என்பது ஊர்க்காரர்கள் சொல். நான் போன ஒரு சித்திரையில் தண்ணீர் இருந்தது, அதுவரைக்கும் நான் சாட்சி. கோயிலின் கருங்கல் முழுவதும் கரைக்கு மேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும். கிழக்கே ஒரு தூண் நிற்கும் அளவுக்குக் கெட்டியான கல் கிடையாது. சிற்பிகளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஏன் என்றுதான் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

காரையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அக்கா வீட்டுக்குச் சின்ன வயதில் போனபோதெல்லாம் பார்த்த இடம்தான். அப்போது எங்களுக்கு அது பொட்டல். ஆடு மேய்க்கவும் உதவாது. ஊரைத் தாண்டினால் தரை திடீரென்று வெடித்துப் பள்ளம் பள்ளமாக இறங்குகிறது. செம்மண் மடிப்பு, அதனடியில் சாம்பல், அதனடியில் வெளிறிய மஞ்சள். மழைநீர் அரித்து அரித்து ஆயிரம் வாய்க்கால் வெட்டியிருக்கிறது. புல் நிற்காது, மரம் நிற்காது. மத்தியானத்தில் கண்ணைத் திறக்க முடியாதபடி தரையே மினுங்கும். மினுங்குவது ஜிப்சம். களிமண்ணுக்குள் ஏடு ஏடாக, கண்ணாடிச் சில்லு மாதிரி ஓடுகிறது. நாங்கள் அதை நகத்தால் உரித்து, சூரியனைப் பார்க்கும் கண்ணாடி என்று விற்றுக்கொள்வோம். விலை ஒரு நெல்லிக்காய். துப்பாக்கிக் குண்டு மாதிரி, ஒரு முனை கூரான கல்லும் கிடைக்கும். அதைப் பல்பமாக வைத்துச் சிலேட்டில் எழுதியிருக்கிறேன். சரியாக எழுதாது, கீறும். பெலெம்னைட் என்று இப்போது தெரியும்: கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம், அதன் உடம்புக்குள் இருந்த முட்டுத்தண்டுதான் அந்தக் குண்டு. பல கோடி ஆண்டு முந்திய கணவாயின் எலும்பால் ‘அ’ போட்டவர்கள் இந்தப் பக்கத்தில் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

சுருள்கல்லும் இங்கே உண்டு. அம்மோனைட். சுருளுக்குள் அறை அறையாகத் தடுப்பு. பிராணி கடைசி அறையில் மட்டும் குடியிருக்கும். வளர வளரப் புது அறை கட்டிக்கொண்டு முன்னே நகரும். காலியான அறைகளுக்குள் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதன் வழியே நீரை இறைத்துக் காற்று நிரப்பித்தான் அது கடலில் மிதந்தது. கல்லின் மேல் நான் சீப்பு வரி என்று நினைத்தது ஓட்டின் விலா. தாத்தா வேகாது என்று ஒதுக்கியதற்கும் காரணம் இருந்தது. இங்கே பல சுருள்கள் சுண்ணாம்பாக இல்லாமல் பாஸ்பேட்டாகக் கெட்டிப்பட்டிருக்கின்றன. 1890களில் ஹ்யூ வார்த் என்பவர் இந்தப் பாஸ்பேட் உருண்டைகளை உரத்துக்கு ஆகுமா என்று தேடித்தான் இங்கே வந்தார். அவர் சேகரித்த சுருள்கள் வியன்னாவுக்குப் போய், ஃபிரான்ஸ் கோஸ்மட் என்ற இளைஞர் அவற்றை வைத்தே பெரிய நூல் எழுதினார்.

இதே பிராணி நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்தால் அதற்குச் சாளக்கிராமம் என்று பெயர். பட்டுத்துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, தினம் திருமஞ்சனம் செய்து, மகள் கல்யாணத்தில் மருமகனுக்குக் கொடுக்கிறோம். புள்ளம்பாடியில் அது கதவுக்கு முட்டு. இதை எனக்குத் தெரிந்த வைணவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் யோசித்து, “ஆத்துல உருண்டு வரணும் சார், ஓடையில் கிடந்தா ஆகாது” என்றார். ஓடைக்கும் ஆற்றுக்கும் அந்த அளவு வித்தியாசம் இருக்கிறது போலும்.

காரையில் மழை விட்ட நாலாம் நாள் போக வேண்டும் என்பது என் கணக்கு. முதல் நாள் சேறு, சைக்கிள் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. நாலாம் நாள் களிமண் இறுகி, மழை கழுவிவிட்ட புதுக் கல்லெல்லாம் மேலே தெரியும். ஒருமுறை அப்படிக் குனிந்துகொண்டே போய் வழி தவறி, ஒரே பள்ளத்தை மூன்று தடவை சுற்றினேன். ஆடு ஓட்டிவந்த ஒரு பாட்டி மேலேயிருந்து, “என்ன தம்பி, எதைத் தொலைச்சே?” என்று கேட்டது. அறுபதை நெருங்கியவனைத் தம்பி என்றதில் ஒரு சந்தோஷம். கல் பார்க்கிறேன் என்றேன். “கல்லைப் பாக்க வெயில்ல வருவாங்களா? எங்க ஊர்ல அதைத் தவிர என்ன இருக்கு” என்று தூக்குவாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தது. உவர்ப்பு. ஜிப்சம் கலந்த களிமண் ஊரில் கிணறு வேறெப்படி இருக்கும்? அதே ஜிப்சத்தைத் தோண்டி சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பிய காலமும் இருந்தது.

சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஓடைக்குள் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. கம்பி வேலி, அறிவிப்புப் பலகை, சுற்றிலும் முள். வரகுப்பாடியிலிருந்து போகும் சாலையில் இரண்டு பக்கமும் பருத்தி. பூக்காத ஊசியிலை இனத்து மரம். ஆற்றில் அடித்துவந்து கடலில் மூழ்கி, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு அணுவும் போன இடத்தில் மணல்சத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. 1940இல் இதை உலகத்துக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர் ஜில்லாக்காரர். புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியரும் அவர்தான். ஊருக்கு அது என்றும் கல்மரம்தான். அவர் வந்து சொன்னது அதன் வயதை. விஞ்ஞானப் பெயரும் ஊர்ப்பெயரும் ஒன்றாகவே நிற்கிற ஒரே இடம் இதுதான் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் கருடமங்கலம். இங்குள்ள கல் சாம்பல் நீலம். குறுக்கே அறுத்துத் தேய்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சிப்பியும் நத்தையும் வெட்டுவாயில் தெரியும். திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்று வெள்ளைக்காரர் காலத்தில் பெயர் வாங்கி மேசைப் பலகையாகவும் காகிதக் கனமாகவும் போயிருக்கிறது. ஊரில் வீட்டுப் படிக்கட்டாகவும் இருக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தபோது என் இடது கைக்கடியில் ஒரு முழுச் சங்கு இருந்தது. திண்ணைக்காரர் அதன்மேல் தினமும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

இனி கல்லக்குடி. எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன். இங்கே பெயர் என்பது சண்டை.

கடல் உள்ளே வந்த ஆரம்பக் காலத்தில், கரைக்குக் கொஞ்சம் வெளியே, வெதுவெதுப்பான ஆழம் குறைந்த தெளிந்த நீரில் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் திட்டுத் திட்டாகக் கட்டி எழுந்தன. அந்தத் திட்டுத்தான் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல். 1939இல் வடக்கிலிருந்து வந்த டால்மியா குழுமம் இங்கே சிமெண்டு ஆலை தொடங்கியது. ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர் வந்தது. 1953 ஜூலை 15. தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்த ஸ்டேஷன் பலகை. மு. கருணாநிதி தலைமையில் வந்தவர்கள் கல்லக்குடி என்று எழுதிய தாளைப் பலகை மேல் ஒட்டினார்கள், தண்டவாளத்தில் படுத்தார்கள். கண்ணதாசனும் அதில் கைதானார். துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். என் அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. வேடிக்கை பார்க்கப் போனவர் வெடிச்சத்தம் கேட்டு வயல் வழியாக ஓடிவந்து, காளவாய்க்குப் பின்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாராம். ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. அதைப் பற்றித்தான் கடைசிவரை அதிகம் பேசினார்.

1969இல் பெயர் மாறியது. இப்போது பலகையில் கல்லக்குடி பழங்காநத்தம் என்று இருக்கிறது. வந்துபோகிற யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரிவதில்லை, ஸ்டேஷனில் நிற்கும் ரயிலும் குறைவு. ஆனால் அந்தப் பையனின் நோட்டில் இரண்டாவது படியை நினைத்துப் பாருங்கள். டால்மியாபுரம் படிவம். பாறைக்கு ஒருமுறை அச்சில் வைத்த பெயரை, ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டாலும், சுலபத்தில் மாற்றுவதில்லை என்பது அந்தத் துறையின் வழக்கம். கல்லக்குடி என்றும் சிலர் எழுதுகிறார்கள்தான், ஆனால் பழைய பெயர் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கட்டுரைக்குக் கட்டுரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்தில் படுத்து ஜெயித்த பெயர் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற பாறைக்கு எட்டவில்லை. இதைக் கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்: “அப்ப என் செருப்புக்கு என்ன பதில்?”

சிமெண்டு வந்த பிறகு காளவாய் மூடிப்போனது. தாத்தாவுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அதே கல், பெரிய அடுப்பு என்பார். எனக்குத்தான் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. பவளத்திட்டு கட்ட லட்சக்கணக்கான வருஷம். ஒரு லாரி நிரம்பப் பத்து நிமிஷம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தோண்டியதால்தான் பாதி தெரிந்தது. குவாரிச் சுவர் இல்லாவிட்டால் அந்தத் திட்டின் குறுக்குவெட்டை எந்த விஞ்ஞானியும் பார்த்திருக்க முடியாது. என் வீட்டு மாடியும் சிமெண்டில்தான் கட்டியது.

அரியலூர்ப் பக்கம் கடலுக்கு வயதாகிவிட்டது. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். மூலவர் சிலை இல்லை, ஒரு கல்தூண். காணிக்கையாக நெல்லும் வரகும் கொட்டுவார்கள். அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்புச் சுரங்கங்கள். சுவர் முழுக்க உள்ளங்கை அளவு சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிவைத்த தட்டுப் போல. நான் பார்த்தது வெளி ஓடையில் உதிர்ந்தவற்றைத்தான். சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள், விடாததும் சரி.

கல்லமேட்டுக்கு வரும்போது கடல் பின்வாங்கி, ஆற்று மணலும் களிமண்ணும். டைனோசர் எலும்பு கிடைத்த மண் இது. சார்லஸ் மேட்லி 1929இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே வேலை செய்தார்கள். இந்த இரண்டு பேரும் வைத்த பெயர்களைப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி அடுக்கில் கிடைத்த எலும்புகளுக்கு 1979இல் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டை என்று வைத்தார்கள். திராவிடமும் வெள்ளைக்காரரும் ஒரே பெயரில். அது டைனோசரே இல்லை, கடல்வாழ் ஊர்வன என்று பிறகு வாதம் வந்தது. 1987இல் கல்லமேட்டு எலும்புக்கு வைத்தது ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியை. பேருடல் படைத்த பல்லி என்று அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையானால் உலகத்தில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் ஒன்று. ஆனால் எலும்பு இல்லை. மழையிலும் ஈரத்திலும் பொடிந்துபோய்விட்டது. மிச்சம் படங்கள் மட்டும்.

அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தவனுக்கு இதை நம்புவதில் கஷ்டம் இல்லை. மழைதான் இங்கே எதையும் வெளியே காட்டுகிறது, மழையே அதைத் தின்றும் விடுகிறது. மருதையாறு பச்சைமலையில் பிறந்து இந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டுதான் கொள்ளிடத்துக்குப் போகிறது. வருஷத்தில் முக்கால்வாசி மணல். 1956 நவம்பர் 23 விடியலில் அந்த ஆறு அரியலூர் ரயில் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பக்கத்து ஊர்களில் கிழவர்கள் இன்னும் அந்த மழையை வைத்துத்தான் வயது கணக்கு சொல்கிறார்கள்.

2020 கடைசியில் குன்னத்தில் குளத்தருகே தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் சொல்லிவிட்டது. கூட்டம் கூட்டமாக வண்டி. நானும் போனேன், பொய் சொல்வானேன். முட்டை இல்லை, ஒரு கிளிஞ்சலையோ எதையோ சுற்றிக் கடலடிச் சேறு சுண்ணாம்போடு சேர்ந்து உருண்டு இறுகிய கல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. செல்ஃபி எடுத்த ஒரு பையன் என்னிடம், “அப்ப இது வெறும் கல்லா சார்?” என்று ஏமாற்றத்தோடு கேட்டான். அதற்குள் ஓர் அம்மோனைட் இருக்கலாம் என்றேன். அது எவ்வளவு பெருசா இருக்கும் என்றான். கையைச் சுருட்டிக் காட்டினேன். போய்விட்டான்.

ஏணியின் உச்சிப்படிக்குப் போன மாதம்தான் போனேன். நின்னியூர், செந்துறைப் பக்கம். அரியலூரில் அதிகாலையில் கிளம்பி முந்திரித்தோப்புகளுக்கு நடுவே மிதித்தேன். கல்லமேட்டு மண் முடிந்து நின்னியூர்ச் சுண்ணாம்பு ஆரம்பிக்கும் இடத்தில் ஆறரைக் கோடி ஆண்டு முந்திய பேரழிவு நடந்திருக்கிறது. அதற்குக் கீழே டைனோசரும் அம்மோனைட்டும். அதற்கு மேலே இரண்டும் கிடையாது. கடல் மட்டும் கடைசித் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது, நத்தையும் நாட்டிலஸுமாக. அந்த எல்லையில் ஒரு கோடாவது தெரியும் என்று போனவன், ஒரு பக்கம் முந்திரி, ஒரு பக்கம் சோளம், நடுவில் ஒரு கல்வெட்டு இல்லாத மைல்கல்லோடு நின்றேன்.

டீக்கடையில் ஒரு அம்மா வடை போட்டுக்கொண்டிருந்தது. நின்னியூர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். “இதான் சார். தாண்டியாச்சு” என்றது.

சாயங்காலம் எதிர்க்காற்று. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அரியலூர் வரைக்குமாவது பஸ்ஸில் போய்விடலாம் என்று கையைக் காட்டி நிறுத்தினேன். சைக்கிளை மேலே போடலாமா என்று கேட்டதற்குக் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பலகையைப் படிப்பதற்குள் பஸ் போய்விட்டது. வந்த வழியே மிதித்தேன்.